பழைய தாள்களில் கொலாஜ்: அட்டை வளைகிறது, பின்பக்க எழுத்து தெரிகிறது, என்ன செய்வதென்றும் தோன்றவில்லை

கிழிசல் (கேள்வி)

பழைய வார இதழ்கள், செய்தித்தாள், கடித உறைகள், பரிசுப் பொருள் சுற்றிய தாள் ஆகியவற்றை வைத்து ஏ4 அளவில் கொலாஜ் (தாள்களை வெட்டி ஒட்டி உருவாக்கும் படம்) செய்கிறேன். அடியில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) அட்டை. வெள்ளைப் பசையில் (பி.வி.ஏ.) சரிபாதி தண்ணீர் கலந்து பிரஷ்ஷால் பூசுகிறேன். காய்ந்ததும் ஒட்டிய பக்கமாக அட்டை கிண்ணம்போல் வளைந்துவிடுகிறது. வழவழப்பான தாள்களில் கொப்புளம் எழும்புகிறது. செய்தித்தாளில் பின்பக்க எழுத்து முன்னால் தெரிகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பெட்டி நிறையத் தாள் இருக்கிறது. எதிரில் உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. நீங்கள் எப்படித் தொடங்குகிறீர்கள்?

பசைக்கிண்ணம்

முதல் இரண்டுக்கும் காரணம் தண்ணீர். ஈரம் பட்டதும் தாளின் நார்கள் பருத்து, தாள் விரிகிறது. விரிந்த நிலையில் ஒட்டிவிடுகிறீர்கள். காயும்போது அது சுருங்கி அட்டையையும் சேர்த்து இழுக்கிறது. சரிபாதி தண்ணீர் மிக அதிகம். மூன்று பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர் போதும். வழவழப்பான தாளுக்குத் தண்ணீரே வேண்டாம், பசையை அப்படியே மெல்லியதாகப் பூசுங்கள். அந்தத் தாளின் பூச்சு வழியே ஈரம் சீக்கிரம் வெளியேறாது. உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்றும் ஈரமும்தான் கொப்புளம்.

பசையைத் தாளில் பூசுங்கள், அட்டையில் அல்ல. கீழே கழிவுத் தாள் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பூச வேண்டும். கழிவுத் தாளை ஒவ்வொரு துண்டுக்கும் மாற்றுங்கள், இல்லையென்றால் அடுத்த துண்டின் முகத்தில் பசை ஏறும். தடித்த தாள் என்றால் பூசியபின் ஒரு நிமிடம் விட்டால் விரிவதெல்லாம் விரிந்துவிடும். அதன்பின் ஒட்டி, மேலே மெழுகுத்தாள் போட்டு, நடுவிலிருந்து வெளியே தேயுங்கள்.

அட்டையின் பின்புறத்திலும் ஒரு முழுத் தாளை ஒட்டுங்கள். முன்னால் இழுப்பதைப் பின்னால் உள்ளது எதிர்த்து இழுக்கும். பலரும் விட்டுவிடும் வேலை இதுதான். இரண்டு தாள்களின் நாரும் ஒரே திசையில் ஓட வேண்டும். செய்தித்தாளை ஒரு பக்கம் கிழித்தால் நேராகப் போகும், மறு பக்கம் கோணிக்கொண்டு போகும். நேராகப் போவது நார் ஓடும் திசை. பிறகு மெழுகுத்தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களின் கீழ் 24 மணி நேரம். அவசரப்பட்டு எடுத்தால் மீண்டும் வளையும்.

ஏற்கெனவே வந்த கொப்புளத்தை பிளேடு நுனியால் சிறிதாகக் கீறி, பல்குச்சியில் பசை தொட்டு உள்ளே விட்டு அழுத்தினால் அடங்கிவிடும்.

காகிதக்கூடை

செய்தித்தாள் பசையில் நனைந்தால் கண்ணாடிபோல் ஆகும், அதனால்தான் பின்பக்கம் தெரிகிறது. பின்பக்கத்தில் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் மெல்லியதாக ஒரு பூச்சு கொடுத்து, நன்றாகக் காய்ந்தபின் ஒட்டுங்கள்.

அது மஞ்சளாவதை மட்டும் தடுக்க முடியாது. மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சம் பட்டால் நிறம் மாறும். பல ஆண்டு நிற்க வேண்டிய படைப்பு என்றால், நல்ல தாளில் லேசர் நகல் எடுத்து அந்த நகலை ஒட்டுவதே மேல். பழைய கடிதம், புகைப்படம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்; மூலத்தின் மீது கத்தரி வைக்காதீர்கள். இங்க்ஜெட் நகல் வேண்டாம், பசை ஈரத்தில் மை கசியும். கடை ரசீதுகளையும் தவிருங்கள். அவை வெப்பத்தில் கறுக்கும், எழுத்தும் மங்கும்.

கத்தரிமுனை

தொடக்கம் பற்றிச் சொல்கிறேன். பெட்டியை "பூ, முகம், கட்டடம்" என்று பொருள்வாரியாகப் பிரித்தால் கை கட்டிப்போகும். அடர்த்திப்படி பிரியுங்கள்: மிக வெளிர் முதல் மிகக் கருமை வரை ஐந்து குவியல். குழப்பம் வந்தால் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அவை அருகருகே இருந்தாலும் எடுபடாது.

அடுத்து, அட்டையில் எல் வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டி, 5 செ.மீ. சதுரச் சாளரமாகச் சேர்த்து, இதழின் பக்கங்களில் நகர்த்துங்கள். படத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள். அப்போதுதான் கூந்தல் ஆறாகும், கோட்டுச் சட்டையின் மடிப்பு மலைச்சரிவாகும். கண்ணில் பட்டதை உடனே வெட்டி எடுங்கள்.

ஆங்கிலேயக் கலைஞர் மேரி டெலானி 1772-ல் தம் 72-ஆம் வயதில் தொடங்கியது இந்த மாதிரிப் பார்வையில்தான். ஒரு சிவப்புத் தாளின் நிறமும் ஜெரேனியம் பூவின் நிறமும் ஒன்றாக இருப்பதைக் கண்டாராம். பத்தாண்டில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான தாள்மலர்கள், எல்லாம் கறுப்புப் பின்னணியில். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஜெர்மன் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ் டிராம் டிக்கெட்டையும் உறைத்தாளையும் வைத்தே, 'மெர்ஸ்' என்று தாமே பெயரிட்ட கொலாஜ் படைப்புகளைச் செய்தார். இருவருமே தாளைப் பார்த்த பின்புதான் படத்தை யோசித்தார்கள் என்று நினைக்கிறேன்.

பயிற்சிக்கு: மூன்று வகைத் தாள், பளிச்சென்ற ஒரே ஒரு நிறம், இருபது நிமிடம், பசை கூடாது. அடுக்கி, படம் எடுத்து, கலைத்து, மறுபடி அடுக்குங்கள். இப்படி எடுத்த நான்கு படங்களில் ஒன்றைத் தேர்ந்த பிறகு பசையைத் திறவுங்கள்.

கிழிசல்

பின்தாள் ஒட்டும் விஷயம் தெரியவே தெரியாது, நன்றி. கையால் கிழித்தால் ஓரத்தில் வெள்ளைக் கோடு வருகிறதே, அதைத் தவிர்க்க வழி உண்டா?

கத்தரிமுனை

கிழித்த இரண்டு துண்டில் ஒன்றில்தான் அந்தக் கோடு இருக்கும், மற்றதில் இருக்காது. கிழிக்கும் திசையை மாற்றினால் கோடு அடுத்த துண்டுக்குப் போய்விடும். கழிவுத் துண்டில் சோதித்துப் பார்த்துவிட்டு, வேண்டிய துண்டு எந்தக் கையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். கோடு விழுந்துவிட்டால் அதே நிறப் பென்சிலால் ஓரத்தை மட்டும் தேய்த்தால் போதும். ஆனால் எல்லாக் கோட்டையும் அழித்துவிடாதீர்கள். இருண்ட தாள்மீது இருண்ட தாள் வரும் இடத்தில் இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த வெள்ளைதான்.