ஏட்ரியம்: முற்றம் என்றாலே போதுமா?

வணக்கம்.

கட்டடத்தின் நடுவே, கண்ணாடிக் கூரைக்குக் கீழே வெளிச்சத்துக்காக விடும் வெளியை ஆங்கிலத்தில் ஏட்ரியம் (atrium) என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் ‘நடுக்கூடம்’, ‘ஒளிமுற்றம்’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. ‘முற்றம்’ என்றே வைத்துக்கொண்டால் என்ன என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். ஒரு கட்டடத்தை வைத்து இவற்றைப் பார்க்கலாம்.

ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில் 2005-இல் திறக்கப்பட்ட கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமையின் அலுவலகம் அது. பாம்பு சுருண்டதுபோல் வளைந்து வரும் நான்கு அடுக்குக் கட்டடம். நடுவே நீண்ட தோட்டம். அதற்கு மேல் மடிப்பு மடிப்பாகக் கண்ணாடிக் கூரை. உள்பக்க அறைகளுக்குப் பகல் வெளிச்சம் அந்தத் தோட்டத்தின் வழியாகத்தான் வருகிறது. கூரை இருப்பதால் குளிர்காலக் காற்று அந்த அறைகளின் சுவரை நேரே தொடுவதில்லை.

இதை வெறும் முற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரோமானியர் வீட்டு ஏட்ரியமும் நடுவில் வானம் பார்த்து, மழைநீர் விழும் தொட்டியோடு இருந்ததுதான். ஆனால் லத்தீன் பேச்சு வழக்கில் இல்லாததால், அந்தச் சொல் கண்ணாடிக் கூரைக்குக் கீழே எளிதாக நகர்ந்துவிட்டது. நம் முற்றம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மழை வந்தால் முற்றத்தில் காயும் வற்றலை எடுக்க ஓடுகிறோம். நனையாத முற்றத்துக்கு ஓர் அடைமொழி வேண்டும். 2014-இல் திறந்த, டெல்லியிலுள்ள சுற்றுச்சூழல் அமைச்சகக் கட்டடமான இந்திரா பர்யாவரண் பவனில் காற்றோட்டத்துக்காக நடுவில் பெரிய முற்றம் விட்டிருக்கிறார்கள். அதற்கு ‘முற்றம்’ போதும்.

‘ஒளிமுற்றம்’ காதுக்கு இனிமைதான். ஆனால் எந்த முற்றத்தில் ஒளி இல்லை? புதிதாக வந்திருப்பது கூரை. சிலப்பதிகாரத்து இந்திரவிழாவில் ‘வேயா மாடம்’ வருகிறது. கூரை வேயாத மாடம். அதே வேரிலிருந்து ‘வேய்முற்றம்’ என்கிறேன். வேய் என்றால் மூங்கிலும் ஆயிற்றே என்பீர்கள். ஆம், ஆனால் கூரை வேய்தல் இன்றும் ஊர்ப்புறத்தில் புழங்கும் பேச்சு. மூங்கிலை யாரும் வேய் என்பதில்லை. ‘கண்ணாடி முற்றம்’ என்றால் சுவரா, தரையா, கூரையா என்று கேட்கவேண்டி வரும்.

உள்ளே வளர்க்கும் தோட்டத்துக்கு முன்வைக்கப்பட்ட ‘அகத்தோட்டம்’ என்ற சொல் சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “உள்பக்கச் சன்னல்கள் வேய்முற்றத்தை நோக்கித் திறக்கின்றன.” “வேய்முற்றத்து அகத்தோட்டத்துக்குத் தண்ணீர் விடவேண்டும்.” எனக்கு இடறவில்லை. உங்களுக்கு எங்கே இடறுகிறது?