கடல் வண்டலில் கிடைத்த விப்ரியோ: 16எஸ் 99.3 விழுக்காடு ஒத்துப்போனால் புதிய சிற்றினம் இல்லையா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். மண்டபம் கடற்பகுதியில் எடுத்த வண்டலிலிருந்து சோபெல் மரைன் அகார் என்னும் வளர்ப்பு ஊடகத்தில் ஒரு விப்ரியோ பாக்டீரியாவைப் பிரித்தெடுத்திருக்கிறேன். டி.சி.பி.எஸ். (விப்ரியோக்களைத் தேர்ந்து வளர்க்கும் ஊடகம்) தட்டில் அதன் காலனிகள் பச்சையாக வளர்கின்றன. பாக்டீரியாக்களை அடையாளம் காணப் பயன்படும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவின் வரிசை விப்ரியோ கேம்ப்பெல்லியுடன் 99.3 விழுக்காடு ஒத்துப்போவதால், சிற்றினங்களைப் பிரிக்கும் 98.7 விழுக்காடு என்ற எல்லையைக் காட்டி ஆய்வகத்தில் இதைக் கைவிடச் சொல்கிறார்கள். குரோமட்டோகிராமில் (வரிசையை நிறக் கூம்புகளாகக் காட்டும் வரைபடத்தில்) ஐந்து இடங்களில் மட்டும் இரண்டு நிறக் கூம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. வளர்ப்பில் கலப்பு நேர்ந்துவிட்டதா?

பதில் 1:
கைவிட வேண்டாம். 98.7-க்குக் கீழே இருந்தால் வேறு சிற்றினம் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்; மேலே இருந்தால் அதே சிற்றினம் என்று அதற்குப் பொருள் இல்லை, முழு மரபணுத்தொகுதியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதே பொருள். விப்ரியோ ஹார்வேயியும் கேம்ப்பெல்லியும் 16எஸ்-இல் 99 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருந்தும் தனித்தனிச் சிற்றினங்களே. இரட்டைக் கூம்புகளைப் பொறுத்தவரை, விப்ரியோக்களில் இந்த மரபணுவுக்குப் பல படிகள் (நகல்கள்) உண்டு (விப்ரியோ காலரேயில் 8, நாட்ரீஜென்ஸில் 13). படிகளுக்கிடையே ஓரிரு எழுத்துகள் மாறினாலே நீங்கள் சொல்வது போலத் தெரியும். கலப்பாக இருந்தால் பெரும்பாலும் வரிசை நெடுகக் குழம்பியிருக்கும். ஆயினும் தனிக் காலனியை மூன்று முறை மீண்டும் கோடிழுத்து வளர்த்த பிறகே டி.என்.ஏ. எடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. சொன்னபடியே செய்து மரபணுத்தொகுதியையும் வரிசைப்படுத்தினோம். கேம்ப்பெல்லியின் வகைத் திரிபுடன் (அந்தப் பெயருக்கு அடையாளமாக வைக்கப்பட்டுள்ள வளர்ப்புடன்) ஏ.என்.ஐ., அதாவது இரு மரபணுத்தொகுதிகளின் சராசரி ஒற்றுமை, 92.8 விழுக்காடு மட்டுமே வருகிறது. ஆனால் ஜென்பேங்க் என்னும் பொது மரபணுத் தரவுத்தளத்தில் ஹார்வேயி என்ற பெயரில் இருக்கும் ஒரு தொகுதியுடன் 97.4 வருகிறது. அப்படியானால் இது ஹார்வேயிதானா?

பதில் 1:
பெயரை நம்பாதீர்கள். ஒளிரும் பாக்டீரியாக்களின் ஆய்வில் புகழ்பெற்ற பி.பி.120 திரிபே பல்லாண்டுகள் ஹார்வேயி என்று அழைக்கப்பட்டு, 2010-இல்தான் கேம்ப்பெல்லி என்று திருத்தப்பட்டது. ஹார்வேயி, ரொட்டிஃபெரியானஸ், ஓவன்சியை என அந்தக் குழுவின் எல்லா வகைத் திரிபுகளுடனும் ஒப்பிடுங்கள். எல்லாவற்றுடனும் ஏ.என்.ஐ. 95-க்கும், கணினிவழி டி.டி.எச். (டி.என்.ஏ. இணைவின் கணிப்பு) 70-க்கும் கீழே இருந்தால் உங்களுடையது புதியதே, 97.4 காட்டிய அந்தத் திரிபும் தவறான பெயரில் கிடக்கும் அதே புதிய சிற்றினமாக இருக்கலாம். ஒரே திரிபை வைத்து எழுதும் விவரிப்பைவிட இரண்டு திரிபுகளை வைத்து எழுதுவது எவ்வளவோ வலுவானது.

பதில் 2:
ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். பெயர் முறைப்படி ஏற்கப்பட வேண்டுமானால், வகைத் திரிபை இரண்டு வெவ்வேறு நாடுகளின் வளர்ப்புச் சேமிப்பகங்களில் வைத்திருக்க வேண்டும். உள்நாட்டில் சண்டிகரின் எம்.டி.சி.சி. என்னும் சேமிப்பகம் இருக்கிறது, வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் 2002-ஆம் ஆண்டின் உயிரிப் பன்மையச் சட்டத்தின் நடைமுறைகளை முடிக்க வேண்டும் என்பதால், கட்டுரை எழுதி முடியும்வரை காத்திராமல் இப்போதே தொடங்குங்கள். சேமிப்பகம் தன் இருப்பிலிருந்து திருப்பி அனுப்பும் குழாயை அப்படியே அலமாரியில் வைத்துவிடாமல், அதிலிருந்து வளர்த்து 16எஸ் வரிசையை மறுபடியும் பாருங்கள். வேறு வளர்ப்பு மாறிப் போயிருந்தால் அது வெளியீட்டுக்கு முன்பே தெரிந்துவிட வேண்டும்.