ஹொபிட்டைத் தமிழ் காமிக்ஸாக வரையும் மகளுக்கு நொடிகள் (விடுகதைகள்) வேண்டும்

வணக்கம் உறவுகளே. நான் மட்டக்களப்பு கல்லடியில் இருந்து எழுதுகிறேன். பத்தாம் ஆண்டு படிக்கும் என் மகள் டோல்கீனின் 'த ஹொபிட்' நாவலைத் தமிழில் காமிக்ஸாக வரைகிறாள். பழைய சித்திரக் கொப்பியில் பதினெட்டுப் பக்கம் முடிந்துவிட்டது. குகை இருட்டுக்காகக் கறுப்புப் பேனை மூன்று தீர்ந்தது.

இப்போது ஐந்தாம் அத்தியாயத்தில் நிற்கிறாள். கதாநாயகன் பில்போவும், குகையில் வாழும் கொல்லம் என்ற பிராணியும் இருட்டில் மாறி மாறி நொடி போடும் இடம். ஆங்கிலத்தில் அவை எதுகையோடு பாட்டாக இருக்கின்றன. நேரே மொழிபெயர்த்தால் சப்பென்று போகிறது, பேச்சுக் குமிழிக்குள்ளும் அடங்குவதில்லை. தமிழ்ச் சொற்கள் நீளம் அல்லவா, ஒரு வரியே முகத்தை மறைத்துவிடுகிறது.

நம் ஊர் நொடிகளையே போட்டால் என்ன என்று அவள் கேட்டாள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. முட்டை, மீன், காற்று, பல், இருட்டு ஆகியவை விடையாக வரும் நொடிகள் உங்கள் அம்மம்மா, அப்பம்மா வாயில் கேட்டிருந்தால் அப்படியே எழுதி அனுப்புங்கள். படுவான்கரைப் பக்கத்து ஆட்களிடம் நிறைய இருக்கும் என்று நம்புகிறேன். சின்னதாக இருந்தால் மிக நல்லது.

இன்னொன்று. டேவிட் வென்செல் வரைந்து 1989இல் வெளிவரத் தொடங்கிய ஹொபிட் காமிக்ஸ் யாரிடமாவது இருக்கிறதா? அந்தக் குகைப் பக்கங்களை அவர் எப்படிப் பிரித்தார் என்று அவள் பார்க்க வேண்டும். ஒரு கிழமைக்கு இரவல் தந்தால் போதும், பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

டோல்கீன் இறந்தது 1973இல். நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த பிறகும் பதிப்புரிமை எழுபது ஆண்டு நீடிக்கும், அதனால் அச்சடித்து விற்கும் எண்ணம் இல்லை. வீட்டில் வைத்துப் படிக்க ஒரேயொரு பிரதி, அவ்வளவுதான்.