‘ஒரிஜினல் ஊட்டி வர்க்கி’யாம்! எங்க சுட்டதுன்னு கேட்டா பதிலைக் காணோம்

பேக்கரி பேரன்:
நேத்து அடையாறு சேது சார் ஒரு பதிவு போட்டிருந்தார். சென்னையில ஏதோ பொருட்காட்சியாம், அதுல ஒரு கடையில ‘ஒரிஜினல் ஊட்டி வர்க்கி’, அதான் டீயில முக்கித் தின்ற நம்ம மலை பேக்கரிப் பண்டம், வாங்கித் தின்னாராம். “அதே டேஸ்ட். இதுக்காக எவனாவது மலை ஏறுவானா?”ன்னு முடிச்சிருந்தார். ஒரு கூட்டமே கை தட்டியிருக்கு. சார், ஒரே ஒரு கேள்வி. அந்த வர்க்கி எங்க சுட்டது?

அடையாறு சேது:
பாக்கெட்ல மலை ரயில் படம் போட்டிருந்துச்சுப்பா. பின்ன எங்க சுட்டிருப்பான், உகாண்டாவுலயா?

பேக்கரி பேரன்:
எங்க அத்தை வீட்டு காலண்டர்ல தாஜ்மகால் இருக்கு. அதுக்காக அத்தை வீடு ஆக்ராவா? பாக்கெட் பின்னாடி பொடி எழுத்துல தயாரிப்பாளர் முகவரி இருக்கும், அதைப் பாத்துச் சொல்லுங்க. எங்க சுட்டது?

அடையாறு சேது:
பாக்கெட் குப்பைக்குப் போயாச்சு. நான் வர்க்கியைத்தான் தின்னேன், முகவரியை இல்ல.

புதுவரவு:
வணக்கம். வர்க்கிங்கறது பிஸ்கட்டா, பன்னா, பப்ஸ் மாதிரியா? அதை முதல்ல முடிவு பண்ணிட்டுப் பேசினா எல்லாருக்கும் புரியும்.

குன்னூர்க்காரன்:
பேரன் தம்பி கோவத்துல நியாயம் இருக்கு. ஆனா ‘ஊட்டி வர்க்கி’ன்னு ஊட்டிக்காரங்க மட்டும் பட்டா போட்டுக்கறதுதான் சகிக்கல. எங்க குன்னூர்ல சுடலையா? வெலிங்டன்ல பட்டாளத்துக்காரங்க டீயோட எதைத் தின்னாங்களாம்?

பேக்கரி பேரன்:
அண்ணா, உங்க பஞ்சாயத்தை அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல கீழ இருக்கறவரைக் கவனிப்போம்.

சேது சார், வர்க்கி எப்படி வருதுன்னு கேட்டுக்கங்க. மைதா, ரவை, சர்க்கரை, வாழைப்பழம் சேத்துப் பிசைஞ்சு புளிக்க விடுற கலவைக்கு மாவான்னு பேரு. அது இல்லாம வர்க்கி கிடையாது. ஈஸ்ட் பாக்கெட்டைக் கிழிச்சுக் கொட்ற சோலியே இல்ல. எங்க தாத்தா மாவா சட்டிக்கு மேல துணி கட்டி மூலையில வச்சிருப்பார். அதை யாரும் தொடக் கூடாது, எங்க பாட்டி உட்பட. மாவைப் பலகை மேல இழுத்து நீட்டி, நெய்யோ டால்டாவோ தடவி, மடிச்சு, மறுபடி நீட்டி, மறுபடி மடிச்சு, கடைசியில கையாலயே பிச்சுப் பிச்சுத் தட்டுல வைப்பாங்க. அதான் ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. விறகு அடுப்புல சீகைக் கட்டை எரிஞ்சு தணலாகணும். தணலை ஓரமா ஒதுக்கிட்டு, நீளக் கட்டைத் துடுப்புல தட்டை உள்ள தள்ளுவாங்க. வெளிய எடுத்ததும் பொடி உதிர்ற அந்தச் சத்தமே தனி. நீங்க தின்னது உதிர்ந்துச்சா, இல்ல ரப்பர் மாதிரி இழுத்துச்சா?

இப்பவாவது சொல்லுங்க. எங்க சுட்டது?

அடையாறு சேது:
கதை நல்லா இருக்குப்பா. மைதா எந்த மலையில விளையுது? கோதுமை ஊட்டியில போடறாங்களா? சர்க்கரை மலையில காய்க்குதா? டால்டாவை எருமைதான் கறக்குதா? எல்லாம் கீழ இருந்து லாரியில வந்து, மேல நெருப்புல கொஞ்ச நேரம் இருந்துட்டு, மறுபடி லாரியில கீழ இறங்குது. நடுவுல நீங்க சேத்தது என்ன?

மேட்டுப்பாளையம் மணி:
சபாஷ் சார்! ஊட்டி உருளைக்கிழங்கே எங்க மண்டிக்கு இறங்கி வந்து ஏலம் போனாத்தான் காசு. வர்க்கி மட்டும் பெருசா மலையிலயே ஒக்காந்துக்குமாக்கும்.

பேக்கரி பேரன்:
மணி, போன தடவை பூண்டு விலைச் சண்டையில மூக்கை நுழைச்சு வாங்கிக் கட்டிக்கிட்டது மறந்துபோச்சா? இது கிழங்கு இல்ல.

சேது சார் கேட்டதுக்கு: நாங்க சேக்கறது குளிரு. எங்க தண்ணி. எங்க கை. கீழ வெயில்ல மாவு வெடுக்குன்னு புளிச்சுப் பொங்கிரும். இங்க மெல்ல மெல்லப் புளிக்கும். 2023ல புவிசார் குறியீடு குடுத்தாங்களே, சும்மா அழகு பாக்கவா குடுத்தாங்க? அந்த மண்ணுக்கு வெளிய செஞ்சதை அந்தப் பேருல விக்கக் கூடாதுன்னுதானே சட்டம். 1999லயே போட்ட சட்டம். இப்பச் சொல்லுங்க, எங்க சுட்டது?

இயற்பியல் வாத்தியார்:
ஒரு அறிவியல் குறிப்பு. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே உயரத்துக்கும் பதார்த்தத்துக்கும் தொடர்பு உண்டு.

அடையாறு சேது:
வாத்தியாரே, வர்க்கியைச் சுடறாங்களா, அவிக்கிறாங்களா?

இயற்பியல் வாத்தியார்:
மாவில் இருக்கும் ஈரம் ஆவியாவதைச் சொல்கிறேன். அவசரப்பட்டுக் கிண்டல் செய்ய வேண்டாம்.

பேக்கரி பேரன்:
வாத்தியார் நம்ம பக்கம்தான் பேசறார். ஆனா கொஞ்சம் கம்மியா பேசினா நல்லது.

அடையாறு சேது:
சரி, வரலாற்றுக்கே வரேன். வெள்ளைக்காரன் வரலேன்னா உங்களுக்கு பேக்கரி ஏது? கோடை வந்தா மெட்ராஸ் சர்க்காரே மூட்டை கட்டிக்கிட்டு ஊட்டிக்கு வந்து ஒக்காரும். கவர்னர் வந்தா குசினிக்காரன் வரமாட்டானா? அவன் கைப்பக்குவம்தான் உங்க வர்க்கி. ஆக, வர்க்கி எங்க ஊர்லேர்ந்து மலை ஏறுச்சு, இப்ப திரும்பி வீட்டுக்கு வந்திருக்கு. அவ்ளோதான்.

பேக்கரி பேரன்:
குசினிக்காரன் கதைக்கு ஆதாரம்?

அடையாறு சேது:
பொது அறிவு.

பேக்கரி பேரன்:
அமெரிக்காவுல உறைஞ்ச ஏரியில ஐஸை வெட்டிக் கப்பல்ல கொண்டுவந்தாத்தான் சில்லுன்னு தண்ணி குடிக்க முடியும்னு கெடந்த ஊரு உங்க ஊரு. அதுக்குன்னே 1842ல கடற்கரையில ஐஸ் ஹவுஸ் கட்டி வச்சாங்க. அந்த ஊர்க்காரர் குளிரைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்கறார்.

அடையாறு சேது:
அந்த ஐஸ் ஹவுஸ்லதான்யா 1897ல விவேகானந்தர் தங்கினார். எங்க ஊருக்கு 1639லேர்ந்து கணக்கு இருக்கு. உங்க ஊருல அந்தக் காலத்துக் கோயமுத்தூர் கலெக்டர் சல்லிவன் கல் வீடு கட்டினதே 1822, 23 வாக்குல. அதுக்கு முன்னாடி ஊட்டியில என்ன இருந்துச்சு? ஏரியே அவர் வெட்டினது.

ஹட்டிப் பையன்:
என்ன இருந்துச்சுன்னு கேக்கறீங்களா? நாங்க இருந்தோம். தோடர் குடியிருப்பு, அதான் மந்து, இருந்துச்சு, கோத்தர் இருந்தாங்க, குறும்பர் இருந்தாங்க, எங்க படுகர் ஊருங்க, அதான் ஹட்டிங்க, இருந்துச்சு. கல் வீடு கட்டினாத்தான் உங்களுக்கு ஊரா? அந்த இடமே தோடர்ங்க கிட்டேர்ந்து வந்ததுதான். ‘ஊட்டி சாப்பாடு’ன்னு நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு நேரமா கத்தறீங்க. எங்க பலகாரம் எண்ணெஹிட்டுன்னு ஒரு வார்த்தை எவன் வாயிலயாவது வந்துச்சா? பேரகணி ஊர்ல எங்க ஹெத்தை அம்மன் திருவிழா, ஹெத்தை ஹப்பா, நடக்கறப்ப வந்து பாருங்க, வெள்ளை உடுத்தி எத்தனை ஆயிரம் ஜனம் நிக்குதுன்னு. பேக்கரிக்கு முன்னாடியே எங்களுக்கு வாய் இருந்துச்சு, வயிறும் இருந்துச்சு.

கோத்தகிரி செல்வி:
தம்பி சொல்றது சரி. இன்னொண்ணும் சொல்றேன். சல்லிவன் முதல்ல வந்தது எங்க கோத்தகிரிப் பக்கம், 1819ல. கன்னேரிமுக்குல அவர் பங்களா இன்னும் இருக்கு. ஊட்டி எல்லாம் அப்புறம்தான். இதை யாரும் பேசறதில்ல.

பேக்கரி பேரன்:
அக்கா, கோத்தகிரியில வர்க்கி சுட்டாரா சல்லிவன்? இல்லைல்ல. விடுங்க. ஹட்டி தம்பி, எண்ணெஹிட்டு எனக்கும் உசுரு, ஆனா இது வர்க்கி இழை. தனியா ஒரு இழை தொடங்குங்க, நானே வந்து கருத்துப் போடறேன்.

ஹட்டிப் பையன்:
எங்களுக்கு எப்பவும் தனி இழைதான். பழக்கம்தான்.

அடையாறு சேது:
ஸ்னூக்கர் கதையும் இதேதான். ஆட்டத்தை யோசிச்சது 1875ல, ஜபல்பூர்ல. நீங்க 1882ல விதியை எழுதி ஊட்டி கிளப்புல மாட்டினதும் ‘ஸ்னூக்கர் பொறந்த ஊரு’ன்னு பெருமை பேசறீங்க. ஜபல்பூர்ல ஆடினா அது ஊட்டி ஆட்டம், ஆனா மெட்ராஸ்ல சுட்டா அது ஊட்டி வர்க்கி இல்லியா? என்ன ஞாயம்பா இது?

மேட்டுப்பாளையம் மணி:
ஹா ஹா. இதுக்கு என்னங்க பதில்?

பேக்கரி பேரன்:
ஸ்னூக்கர் பந்தை டீயில முக்கித் தின்ன முடியாது. இதான் பதில். பேச்சை மாத்தாதீங்க. எங்க சுட்டது?

புதுவரவு:
பப்ஸ் மாதிரியா, பன் மாதிரியான்னு கேட்டிருந்தேன்...

குன்னூர்க்காரன்:
மறுபடியும் கேக்கறேன். அந்த மண்ணுக்கு வெளிய செஞ்சா கூடாதுன்னு தம்பியே சொல்லிட்டாரு. அப்ப குன்னூர்ல சுட்டா ஊட்டி வர்க்கியா, இல்லையா? நேரா பதில் சொல்லுங்க.

பேக்கரி பேரன்:
குன்னூர்ல சுட்டா குன்னூர் வர்க்கி.

குன்னூர்க்காரன்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். போன மே மாசம் சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சியை ‘பெரிய சைஸ் பழக்கடை’ன்னு எழுதினது இதே வாய்தானே. உங்க மலர்க் கண்காட்சி 1896லேர்ந்து நடக்குது, ஒத்துக்கறேன். ஆனா அங்க இப்ப பூவைப் பாக்க முடியுதா? பூவுக்கு முன்னாடி செல்ஃபி எடுக்கற முதுகைத்தான் பாக்க முடியுது. எங்க பழக் கண்காட்சியில நின்னு நிதானமா பாக்கலாம்.

கோத்தகிரி செல்வி:
எங்க கோத்தகிரி நேரு பூங்காவுல காய்கறிக் கண்காட்சி நடக்கறதையும் சொல்லுங்க. கோடை விழான்னா ஊட்டியும் குன்னூரும் மட்டும்தானா?

பேக்கரி பேரன்:
எல்லாம் சேந்து என் மேலயே பாயறீங்க. நான் யாருக்காகக் கத்தறேன்? விறகு அடுப்புல வெந்து சாகற நம்ம ஆளுங்களுக்காக. விறகு விலை ஏறிப்போச்சு, வேலைக்கு ஆள் இல்ல, ராத்திரி முழுக்கக் கண்ணு முழிக்கணும், பசங்க எவனும் அடுப்படிக்கு வரமாட்டேங்கறான். இங்க இப்படி இருக்கறப்ப, கீழ ஒருத்தன் மின்சார அடுப்புல பட்டனைத் தட்டிட்டு எங்க பேரை ஒட்டி வித்துட்டுப் போறான். அதை வாங்கித் தின்னுட்டு ‘அதே டேஸ்ட்’னு ஒரு சர்டிபிகேட் வேற. நாக்கு இருக்கறவன் சொல்ற பேச்சா அது?

அடையாறு சேது:
நீங்க மட்டும் பேக்கரிக்கு வாரிசா இருந்துட்டு ஏன் அடுப்படிக்குப் போகல? கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனி வேலைன்னு நீங்களே போன மாசம் எழுதியிருக்கீங்க.

பேக்கரி பேரன்:
அது என் சொந்த விஷயம்.

மேட்டுப்பாளையம் மணி:
கோயமுத்தூர்லயா இருக்கீங்க? அப்ப நீங்களே கீழதானே இருக்கீங்க!

பேக்கரி பேரன்:
நான் பொறந்தது மேல. சுட்டது மேல. ஐ மீன், வர்க்கி சுட்டது மேல. வாரா வாரம் ஊருக்குப் போறேன். வண்டியில மலை ஏற சேது சாருக்கு இ-பாஸ் வேணும், எனக்கு வேண்டாம். அந்த வித்தியாசம் போதும்.

அடையாறு சேது:
ஆமாம், அதையும் கேக்கணும்னு இருந்தேன். 2024 மே மாசத்துலேர்ந்து கோர்ட்டு சொல்லி இ-பாஸ். எங்க காசு வேணும், எங்க வண்டி வேணாம். வர்க்கி தின்ன மலைக்கு வாடான்னு கூப்பிடறீங்க, வந்தா வாசல்ல பாஸ் கேக்கறீங்க. அதான் பொருட்காட்சியிலயே வாங்கிக்கிட்டேன்.

ஹட்டிப் பையன்:
சாலையில வண்டி நகர மாட்டேங்குது சார். ஆம்புலன்ஸ் நிக்குது. இ-பாஸ் வச்சும் நிக்குது.

இயற்பியல் வாத்தியார்:
கொதிநிலை பற்றி நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

குன்னூர்க்காரன்:
வாத்தியாரே, போதும்.

பேரன் தம்பி, கடைசியா ஒண்ணு. ‘குன்னூர்ல சுட்டா குன்னூர் வர்க்கி’ன்னீங்க. மலை ரயில் 1899லயே எங்க ஊர் வந்து சேந்துருச்சு. உங்க ஊருக்கு 1908. ஒம்போது வருஷம் எங்க ஸ்டேஷன்ல இறங்கி, மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் புடிச்சுத்தான் உங்க துரைமாருங்க மேல வந்தாங்க. அப்ப மைதா மூட்டையும் முதல்ல எங்க இறங்கியிருக்கும்?

பேக்கரி பேரன்:
மூட்டை இறங்கினது கணக்கு இல்ல. சுட்டதுதான் கணக்கு.

மேட்டுப்பாளையம் மணி:
மூட்டை ஏறினது எங்க ஊர்லங்க!

அடையாறு சேது:
அந்த மூட்டை கப்பல்ல வந்து இறங்கினது எங்க துறைமுகத்துல.

கோத்தகிரி செல்வி:
எங்க ஊருக்கு ரயிலே விடல. அதையும் யாராவது எழுதுங்க.

குன்னூர்க்காரன்:
செல்வியக்கா, உங்களுக்கு சல்லிவன் இருக்காரு, ரயில் எதுக்கு? பேரன் தம்பி, பதில் வரல. 1899 பெருசா, 1908 பெருசா?