வெள்ளைக்காலர் குற்றம் (white-collar crime): தமிழில் என்ன சொல்லலாம்?

> 'வெள்ளைக் கழுத்துப்பட்டைக் குற்றம்' என்றே வைத்துக்கொள்ளலாமே. ஆனால் இதைக் 'குற்றம்' என்பது சரிதானா?

ஐயா, வணக்கம்.

கழுத்துப்பட்டை என்றால் பாதிப் பேருக்கு நாய்க்குக் கட்டுவதுதான் ஞாபகம் வரும். 'வெள்ளைக் குற்றம்' என்று சுருக்கினாலோ வெள்ளைக்காரன் செய்ததாகிவிடும். அதைவிட, அலுவலகக்காரர்களின் அந்த வெள்ளைச் சட்டைக் காலரே இன்று இல்லையே! தெரனோஸ் என்ற ரத்தப் பரிசோதனை நிறுவனத்தைத் தொடங்கிய எலிசபெத் ஹோம்ஸ் அணிந்தது கழுத்தை மூடிய கறுப்புப் பனியன். முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்கு 11 ஆண்டுக்கு மேல் சிறை. எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நாணயச் சந்தையை நடத்திய சாம் பேங்க்மன்-ஃப்ரைட் அரைக்கால் சட்டையும் டி-ஷர்ட்டுமாகத் திரிந்தவர். 2024இல் அவருக்கு 25 ஆண்டு.

அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லாந்து 1939இல் இந்தச் சொல்லை மேடையேற்றியபோது சட்டை வெறும் அடையாளம்தான். அவர் வரையறையில் இருப்பவை இரண்டு: செய்பவர் மதிப்பும் அந்தஸ்தும் உள்ளவர், செய்வது தம் தொழிலின் ஊடாக. டாக்டர் மனைவியைக் கொன்றால் இதில் சேராது, போலி பில் போட்டால் சேரும். ஆகவே என் பரிந்துரை: நாற்காலிக் குற்றம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அதைச் செய்யவே முடியும்.

'குற்றம்' சரிதானா என்றும் கேட்டிருந்தீர்கள். சதர்லாந்து 70 பெரிய அமெரிக்க நிறுவனங்களுக்கு எதிரான 980 தீர்ப்புகளைத் திரட்டினார். பெரும்பாலானவை குற்றவியல் நீதிமன்றம் தந்தவை அல்ல. அவற்றை எப்படிக் குற்றம் என்பது என்று சட்டம் படித்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். வழக்குக்குப் பயந்து 1949இல் நிறுவனப் பெயர்களை எடுத்துவிட்டுத்தான் நூலே வந்தது; பெயர்கள் திரும்ப 1983 ஆயிற்று. நம் 'குற்றம்' அகலமான சொல். குற்றம் குறை என்று சேர்த்தே பேசுகிறோம், கோர்ட்டு வரை போக வேண்டியதில்லை. அவருக்கு ஆங்கிலத்தில் கிடைக்காத வசதி இது.

----

> நாற்காலிக் குற்றம்

தம்பி, செய்தித் தலைப்புக்கு ஜோர். ஆனால் நாற்காலி என்றதும் வாசகர் எம்.எல்.ஏ.வைத்தான் நினைப்பார், மோசடியில் சிக்கிய அமெரிக்க நிறுவனம் என்ரானின் தலைவர் ஸ்கில்லிங் எங்கே நினைவுக்கு வரப்போகிறார்? பாடநூலுக்குப் 'பதவிவழிக் குற்றம்' போடுங்கள். கொஞ்சம் வழிப்பறி போலவும் ஒலிக்கிறது, பொருத்தம்தான்.

----

> பதவிவழிக் குற்றம்

ஐயா, 'பதவிவழி உறுப்பினர்' என்று அரசாணைகளில் ஏற்கெனவே இருக்கிறதே. ஆட்சியர் பதவியேற்றதுமே சில குழுக்களில் தானாக உறுப்பினராகிவிடுவார். அந்தக் கணக்கில் பதவிவழிக் குற்றவாளி என்றால், பதவியேற்ற அன்றே தானாகக் குற்றவாளி ஆனவர்! எம்.எல்.ஏ. விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நாற்காலியை விட்டுவிடுகிறேன். நீங்கள் 'வழி'யை விடுங்கள். 'பதவிக் குற்றம்' என்றால் எனக்குச் சம்மதம்.