பீரோவில் 94 புடவை, கட்டுவது 11: கழிப்பதா, வைப்பதா?

பீரோ_சாவி (திரி தொடங்கியவர்), ஞாயிறு இரவு 10:42

நேத்து பீரோக் கதவைத் திறந்தேன். மேல்தட்டுல இருந்து ஏழெட்டுப் புடவை சரிஞ்சு என் தலையிலயே விழுந்துச்சு. வந்த கோவத்துல எல்லாத்தையும் கட்டில்ல கொட்டி எண்ணிட்டேன். 94. பட்டு 17. மிச்சமெல்லாம் சாஃப்ட் சில்க், லினன், காட்டன், ஜார்ஜெட், அப்புறம் 'இது என்ன துணின்னே தெரியல' ரகம். போன ஒரு வருஷத்துல எதெதைக் கட்டினேன்னு விரல் விட்டுப் பார்த்தா 11 தான் தேறுது. ஆபீசுக்குச் சுடிதார், வீட்டுக்கு நைட்டி, வேற எப்பத்தான் கட்டறது?

ஒன்பது புடவைக்குக் கவரே பிரிக்கல. ஒன்பதும் ராத்திரி பதினோரு மணிக்கு மேல லைவ் பார்த்து வாங்கினது. "சிங்கிள் பீஸ்தான் சிஸ்டர்ஸ், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்ல போட்டுடுங்க"ன்னு அந்தப் பொண்ணு சொல்ற வேகத்துல கை தானா ஜிபேக்குப் போயிடுது. "புக்ட்"னு பதில் வந்ததும் ஒரு சந்தோஷம். அதோட சரி. பார்சல் வர்ற அன்னிக்கு என்ன வாங்கினேன்னே மறந்து போயிருக்கும்.

பாதியைக் குடுத்துடப் போறேன். அடுத்த தீபாவளி வரைக்கும் ஒரு முழம் துணி வாங்கறதில்ல. நாத்தனார் "உனக்கென்ன பைத்தியமா"ங்கறாங்க. யாருக்குப் பைத்தியம்னு நீங்களே சொல்லுங்க.

(சங்க காலத்துல ரெண்டு துணியோட இருந்தாங்களேன்னு யாரும் ஆரம்பிக்க வேணாம். அவங்களுக்கு வைகாசியில ஒரே வாரத்துல மூணு முகூர்த்தம் வந்திருக்காது.)


தஞ்சாவூர்_அத்தை, இரவு 11:05

உன் நாத்தனார் பக்கம்தாம்மா நான். சட்டை, பேன்ட் மாதிரி இல்ல புடவை. அஞ்சரை மீட்டர். இருபது வயசுலயும் கட்டலாம், அறுபதுலயும் கட்டலாம். உடம்பு பெருத்தா கொசுவம் ரெண்டு குறையும், அவ்வளவுதான். 1974ல எங்கம்மா எனக்குக் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டை என் பொண்ணு வளைகாப்புக்குக் கட்டினா. வந்தவங்க எல்லாரும் எந்தக் கடைன்னு கேட்டாங்க.

இன்னொண்ணு. தட்டைக் காலி பண்ணினா அது காலியா கிடக்காது. எதிர் ஃபிளாட்ல ஒரு பொண்ணு போன வருஷம் மூட்டை மூட்டையாக் கட்டிக் குடுத்துச்சு. இந்த ஆடித் தள்ளுபடியில 'இடம் இருக்கே'ன்னு பன்னெண்டு புடவை எடுத்துட்டு வந்துச்சு. கழிக்கிறதே வாங்கறதுக்கு ஒரு சாக்காப் போயிடுது.


கணக்குப்பிள்ளை_72, இரவு 11:31

பிரிக்காத ஒன்பதுக்கு மட்டும் கணக்குப் போடுவோம். புடவை 650, கூரியர் 70. ஆக 720. ஒன்பதுக்கு 6,480 ரூபாய். இது போன காசு. அதைக் கட்டற நிலைக்குக் கொண்டுவர ஃபால்ஸ், பீக்கோ 130, லைனிங் வச்ச ஜாக்கெட் தையல்கூலி 550. ஒன்பதுக்கு இன்னும் 6,120. போன 6,480ஐ நினைச்சு 'வேஸ்ட் பண்ணக் கூடாது'ன்னு அந்த 6,120ஐயும் கொண்டுபோய்க் கொட்டுவீங்க. நான் சொல்றது, ஒன்பதையும் இன்னிக்கே குடுத்துடுங்க. அத்தை சொல்ற பட்டு வேற, இந்தக் குப்பை வேற.

பொம்பளைங்க கொஞ்சம் கட்டுப்பாடா இருந்தா பீரோ ஏன் வழியுது.


தஞ்சாவூர்_அத்தை, இரவு 11:38

பிள்ளைவாளுக்கு எத்தனை சட்டை?


கணக்குப்பிள்ளை_72, இரவு 11:40

34. எல்லாம் உபயோகத்தில் இருக்கிறது.


ஆரணி_தறி, திங்கள் காலை 6:20

எங்க வீடு தறி வீடு. 'வாங்கவே வாங்காதீங்க'ன்னு சுலபமா எழுதிடறீங்க. கையால நெய்யற பட்டுப் புடவை ஒண்ணு தறியை விட்டு இறங்க எங்க வீட்ல பத்துப் பதினஞ்சு நாள் ஆகும். பாவு ஓட்டறது, சாயம் போடறது, ஜரிகை சுத்தறதுன்னு அதுக்குப் பின்னாடி நாலு குடும்பம். எங்க அப்பா தலைமுறையில எங்க தெருவுல வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேக்கும். இப்ப என் வயசுப் பசங்க பாதிப் பேர் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ல ஏறிப் போயிடறாங்க. ஆளாளுக்கு ஒரு வருஷம் விரதம்னு உட்கார்ந்தா மிச்சத் தறியும் விறகாயிடும்.


பீரோ_சாவி, காலை 7:02

தம்பி, தப்பா நினைக்காதீங்க. என்னோட அந்த ஒன்பதுல ஒண்ணாவது உங்க தெருத் தறியில நெய்ஞ்சதா இருக்குமா?


ஆரணி_தறி, காலை 7:15

இருக்காதுக்கா. 650 ரூபாய்க்குப் பட்டு நூல்கூட வராது. அது பாலியஸ்டர் நூல், பவர்லூம். சூரத் பக்கத்துல இருந்து பேல் பேலா வரும். 'சாஃப்ட் சில்க்'னு பேர் வச்சதால அதுல சில்க் இருக்கணும்னு கட்டாயமில்ல. அசல் பட்டுக்குக் குடுக்கற சில்க் மார்க் லேபிள் இருக்கான்னு பாருங்க. 2004ல இருந்து இருக்கு அது. ஜரிகையில ஒரு நூலை லேசாச் சுரண்டினா உள்ள சிவப்புப் பட்டு நூல் தெரியணும்.

நீங்க கேட்ட கேள்விக்கு நேராவே பதில் சொல்றேன். அந்த ஒன்பதை நீங்க வாங்காம இருந்திருந்தா எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. அந்த 6,480 உங்க கையில இருந்திருந்தா ஒரு நல்ல கைத்தறிப் புடவை எடுத்திருக்கலாம். அப்ப விரதம்னு சொல்லாதீங்க, 'ஒண்ணு வாங்கினாலும் தறியில வாங்குவேன்'னு சொல்லுங்க. அதுக்கு நான் கட்சி மாறிக்கறேன்.

அந்த 17 பட்டை எப்படி வச்சிருக்கீங்க? பிளாஸ்டிக் கவர்லயா? உடனே எடுங்க. ஈரம் வெளியே போகாம ஜரிகை கறுத்துடும். பழைய வெள்ளை வேட்டியில சுத்தி வைங்க. பாச்சை உருண்டையைப் பட்டு மேல போடாதீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாத்தி மடிங்க. ஒரே மடிப்புல வருஷக்கணக்கா கிடந்தா அந்தக் கோட்டோடயே இத்துப்போகும். பத்து வருஷம் பிரிக்காத புடவையை முகூர்த்தத்தன்னிக்கு உதறும்போது 'சர்ர்'னு ஒரு சத்தம் வரும் பாருங்க, நெய்ஞ்சவன் காதுல விழக் கூடாத சத்தம்.


லினன்_லதா, காலை 9:48

அந்த லினன் எல்லாம் குடுக்கறீங்கன்னா, அதுல பேஸ்டல் கலர் ஏதாவது இருக்கா? அட்மின் மன்னிக்கவும்.


நாகை_அலை, காலை 10:10

'குடுத்துடப் போறேன்'னு எல்லாரும் சொல்றீங்க. யாருக்குன்னு யாராவது சொன்னீங்களா?

2004 சுனாமியப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. முகாமுக்கு லாரி லாரியாப் பழைய துணி வந்துச்சு. அனுப்பினவங்க மனசைக் குத்தம் சொல்லல. ஆனா மூட்டையைப் பிரிச்சா பட்டன் இல்லாத சட்டை, கறை பட்ட பேன்ட், ஜாக்கெட் இல்லாத புடவை, புடவை இல்லாத ஜாக்கெட். ஒரு கம்பளிக் கோட்டுகூட இருந்துச்சு, நாகப்பட்டினத்து வெயிலுக்கு. எங்க சனம் எல்லாத்தையும் இழந்துட்டு நிக்குது, அதுக்காக அடுத்தவங்க கிழிசலைக் கட்டிக்குமா? கையால தொடல. ரோட்டோரம் மலையாக் குவிஞ்சு மழையில நனைஞ்சு கிடந்துச்சு, மாடு மேல ஏறி நின்னுச்சு. அதுக்கப்புறம் 'டொனேட்'ங்கற வார்த்தையைக் கேட்டா எனக்கு அந்தக் குவியல்தான் ஞாபகம் வருது.

குடுக்கணும்னா ஆளைப் பார்த்து, வேணுமான்னு கேட்டு, தோய்ச்சு, இஸ்திரி போட்டு, ஜாக்கெட் துணியும் உள்பாவாடையும் சேர்த்துக் குடுங்க. உங்க பீரோவை காலி பண்றதுக்கு அடுத்த வீடு குப்பைத்தொட்டி இல்ல.


கணக்குப்பிள்ளை_72, காலை 10:40

அதுவும் நியாயம்தான். பாத்திரக்காரனிடம் போடலாமே?


நாகை_அலை, காலை 10:44

காட்டனுக்கும் ஜரிகைக்கும் எடுப்பாங்க. பாலியஸ்டரைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. ஆறு புடவைக்கு ஒரு எவர்சில்வர் டபரா தேறினா அதிர்ஷ்டம். அப்புறம் அந்த டபரா வைக்க அலமாரியில இடம் தேடணும்.


யாழ்_நங்கை, பகல் 1:25

நான் இண்டைக்குத்தான் இந்தத் திரியைப் பாத்தனான். என்ர அம்மாவிட்ட அறுபது சாறிக்கு மேல இருக்கு. நானும் உங்களை மாதிரி ஒருக்கா அலுமாரியைத் துப்பரவாக்க வெளிக்கிட்டு, பெரிய சண்டை.

95 ஒக்டோபரில சண்டைக்குப் பயந்து நாங்கள் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டனாங்கள். ஒரு பை. அம்மா தன்ர கூறைச் சீலையையும் எங்கட பிறப்புச் சான்றிதழுகளையும் மட்டும் அதுக்க வைச்சவ. திரும்பிப் போகேக்க வீடு இருந்தது, அலுமாரி இருந்தது, உள்ளுக்கு ஒண்டும் இல்லை. இப்ப சோக்கா ஒரு சாறி கண்டாலும் அவவுக்கு வாங்கோணும். உடுக்கிறதில்லை. அடுக்கி வைச்சுப் பாக்கிறா. எனக்கு அப்ப விளங்கேல்லை.

எல்லாற்ர அலுமாரியும் ஆசையால மட்டும் நிரம்பிறதில்லை எண்டு சொல்லத்தான் வந்தனான். உங்கட 94க்கு இது பொருந்துமோ தெரியாது.


பீரோ_சாவி, பகல் 1:50

எனக்குப் பொருந்தாது அக்கா. என்னோடது வெறும் ராத்திரித் தூக்கமின்மை. அம்மாவோட அலுமாரியை அப்படியே விட்டுடுங்க.


ஊசிநூல், மாலை 4:15

முப்பது வருஷமா ஈரோட்டுல ஜாக்கெட் தைக்கிறேன். நேத்து ராத்திரியில இருந்து இந்தத் திரியைப் படிச்சுக்கிட்டிருக்கேன். புடவையைப் பத்தியே பேசறீங்க. சாவி, ஒரு வேலை செய்யுங்க. அந்த 94க்குண்டான ஜாக்கெட்டை எல்லாம் எடுத்துப் போட்டுப் பாருங்க. எத்தனை கைக்குள்ள ஏறுதுன்னு வந்து சொல்லுங்க.


பீரோ_சாவி, இரவு 9:33

சொல்லவே வெக்கமா இருக்கு. மொத்தம் 52 ஜாக்கெட். ஏறினது 8. ஒண்ணு முழங்கைக்கு மேல மாட்டிக்கிட்டு இறங்கவும் மாட்டேங்குது, ஏறவும் மாட்டேங்குது. ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு ஹால்ல நின்னு புருஷனைக் கூப்பிட்டேன். மனுஷன் சிரிச்சதுல பக்கத்து வீட்டு நாய் குரைச்சுது.

நான் கட்டற அந்த 11 எதுன்னு நினைக்கறீங்க? இந்த எட்டு ஜாக்கெட்டுக்குச் சேரற புடவைங்கதான்.


ஊசிநூல், இரவு 9:50

இதைத்தான் எதிர்பார்த்தேன். புடவை பெருக்காது, நாமதான் பெருக்கறோம். பழைய ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. நல்ல டெய்லரா இருந்தா சைடுல பக்கத்துக்கு ஒரு இஞ்ச் துணி விட்டு மூணு நாலு தையல் ஓட்டியிருப்பாங்க. ஒரு தையலைப் பிரிச்சா போதும், இருபது நிமிஷ வேலை. உள்ள துணியே இல்லாததுக்கு அக்குள்ல பட்டி வச்சுக் குடுக்கலாம். அதுவும் தேறாததைத்தான் தூக்கிப் போடணும். கறுப்பு, அரக்கு, மங்கின தங்கக் கலர்னு மூணு ஜாக்கெட் புதுசாத் தைச்சுக்கிட்டா நாப்பது புடவை சமாளிக்கலாம்.

கட்ட எதுவுமில்லன்னு ராத்திரி லைவ் பார்க்கிறவங்க என்கிட்ட நிறையப் பேர் வர்றாங்க. எல்லார் வீட்லயும் புடவை இருக்கு, கையில ஏறற ஜாக்கெட்தான் இல்ல.


தஞ்சாவூர்_அத்தை, இரவு 10:12

அப்பாடா. அப்ப குடுக்க வேண்டியதே இல்லைன்னு ஆச்சு.


கணக்குப்பிள்ளை_72, இரவு 10:20

எப்படி ஆச்சு? 94லயும் ஜாக்கெட் ஏறிடுச்சுன்னே வைங்க. வாரத்துக்கு ஒண்ணு கட்டினாலும் ஒரு சுத்து முடிய ஒண்ணே முக்கால் வருஷம் ஆகும். அவங்க மாசத்துக்கு ஒண்ணுகூடக் கட்டறதில்ல.


தஞ்சாவூர்_அத்தை, இரவு 10:24

வாரத்துக்கு ரெண்டு கட்டட்டும். நைட்டியைக் குறைக்கட்டும். கணக்கு நேராயிடும்.


பீரோ_சாவி, செவ்வாய் இரவு 10:55

இன்னிக்கு நிலவரம். 23 ஜாக்கெட்டை டெய்லர்கிட்ட போட்டாச்சு. பிரிக்காத ஒன்பதுல நாலை, எங்க வீட்ல வேலை செய்யற அக்காகிட்ட காட்டி வேணுமான்னு கேட்டேன். ரெண்டை எடுத்துக்கிட்டாங்க. மத்த ரெண்டையும் "இது வேர்க்கும் கண்ணு, வேணாம்"னு வச்சுட்டாங்க. நாகை சொன்னது உறைச்சுது. கேக்காமக் குடுத்திருந்தா வாங்கிக்கிட்டு மூலையில போட்டிருப்பாங்க.

ஒரு வருஷ விரதத்தை விட்டுட்டேன். விரதம்னு சொன்னதுமே பசிக்க ஆரம்பிச்சிடுது. அதுக்குப் பதிலா, வாங்கின புடவைக்கு ஜாக்கெட் தைச்சுக் கட்டி முடிக்காம அடுத்ததுக்கு ஜிபே கிடையாது. எங்க டெய்லர் ஒரு ஜாக்கெட்டுக்கு நாலு வாரம் இழுக்கிறவர். அவரைவிடப் பெரிய பூட்டு எனக்குக் கிடைக்காது. லைவ் போடற மூணு குரூப்பை விட்டும் வெளியே வந்தாச்சு. ஒண்ணு பாக்கி, அது சித்தி பொண்ணு நடத்தறது. வெளியே வந்தா சொந்தத்துல பேச்சு வரும்.

எதைக் குடுக்கிறது, எதை வைக்கிறதுன்னு இன்னும் 60க்கு மேல முடிவாகல. பாதிங்கற பேச்சை வாபஸ் வாங்கிக்கறேன். லதா, பேஸ்டல்ல ரெண்டு லினன் இருக்கு. தனிமடல் போடுங்க.


தஞ்சாவூர்_அத்தை, இரவு 11:02

அதை ஏன் குடுக்கற? லினன் கிடைக்கிறதே கஷ்டம்.


கணக்குப்பிள்ளை_72, இரவு 11:47

நண்பர்களே, ஒரு திருத்தம். இந்தத் திரியை வீட்டம்மாவும் படித்துவிட்டாள். இப்போது என் அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். 34 இல்லையாம். 51. இன்னும் ஒரு தட்டு பாக்கி.