ஸ்பெக்ட்ரம் கணினியின் நேரம் முந்துவது ஏன்?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்):
வணக்கம். என் தாய்மாமன் வைத்திருந்த 48கே நினைவகமுள்ள இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்னும் பழைய வீட்டுக் கணினியைப் பழுது நீக்கி, 23672 முதல் 23674 வரையுள்ள மூன்று நினைவக முகவரிகளை பீக் செய்து (அவற்றிலுள்ள எண்களைப் படித்து), வரும் எண்ணை 50ஆல் வகுத்து மணி காட்டும் நிரலொன்றை பேசிக் மொழியில் எழுதினேன். பன்னிரண்டு மணிக் கணக்கில், மணிக்குத் தக்கபடி அரை நொடி பீப்புகள் ஒலிக்கும். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் முந்துகிறது. பீப்பை நீக்கினால் இரண்டு நிமிடத்துக்கும் மேல் முந்துகிறது. எங்கள் தோட்டத்துச் சாளைக்கு வரும் மின்சாரத்தின் அதிர்வெண் சீராக இல்லாததுதான் காரணமா?

பதில் (பீளமேடு):
மின்சாரம் காரணமல்ல, தம்பி. ஸ்பெக்ட்ரத்தில் கடிகாரச் சில்லு கிடையாது. திரையில் படம் ஒருமுறை முழுதாக வரையப்படுவதே ஒரு சட்டகம்; ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒருமுறை, திரையைக் கவனிக்கும் யூஎல்ஏ சில்லு இசட்80 செயலியைக் குறுக்கிட, ரோம் எனும் நிலை நினைவகத்திலுள்ள நிரல் அந்த மூன்று பைட்டுகளில் (ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையுள்ள எண்) வைத்திருக்கும் எண்ணிக்கையை ஒன்று கூட்டுகிறது. ஒரு சட்டகம் செயலியின் 69,888 துடிப்புகள் கொண்டது. செயலி நொடிக்கு 35 லட்சம் துடிப்புகளில் ஓடுவதால், நொடிக்கு 50 அல்ல, 50.08 குறுக்கீடுகள் நிகழ்கின்றன. இந்தச் சிறு வேறுபாடு ஒரு நாளில் 138 நொடிகளாகிறது.

பீப் ஒலிக்கும்போதோ செயலியே ஒலிபெருக்கியை இயக்க வேண்டியிருப்பதால் குறுக்கீடுகள் நிறுத்தப்படுகின்றன. அந்த நேரம் எண்ணப்படுவதே இல்லை. ஒரு நாளில் 156 பீப்புகள், அதாவது 78 நொடிகள் இழப்பு. 138இல் 78 போக மீதி 60. நீங்கள் அளந்தது மிகச் சரி. 50.08ஆல் வகுத்து, ஒவ்வொரு பீப்புக்கும் அரை நொடியைத் தனி மாறியில் சேர்த்துக் கூட்டுங்கள்.

பதில் (ஈரோடு):
கேசட்டில் பதியும்போதும் படிக்கும்போதும் இதே இழப்பு உண்டு. இன்னொன்று: மூன்று பைட்டுகளைப் படிக்கும் இடைவெளியில் கீழ் பைட் (23672இல் உள்ள, விரைந்து மாறும் எண்) 255இலிருந்து 0க்குத் திரும்பினால், நேரம் ஐந்து நொடி பின்னே போனதாகக் காட்டும். ஆகவே 23674இல் தொடங்கி மூன்றையும் இருமுறை படித்து, பெரிய விடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 3 நாள் 21 மணி நேரத்தில் எண்ணிக்கை மீண்டும் சுழியத்துக்கு வந்துவிடும் என்பதையும் நிரலில் கவனியுங்கள். மின்சாரத்தைப் பற்றிய உங்கள் ஐயம் கமடோர் 64 என்னும் வேறொரு பழைய வீட்டுக் கணினிக்குப் பொருந்தும். அதன் 6526 சில்லில் உள்ள நாள்நேரக் கடிகாரம் மின்வழங்கலின் அதிர்வெண்ணையே எண்ணுகிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா, இருவருக்கும். அந்த ஐந்து நொடித் தாவலை நானும் இருமுறை பார்த்து, நினைவகம் பழுதோ என்று அஞ்சியிருந்தேன். இன்றிரவே நிரலைத் திருத்தி, பீப்போடு ஒரு முழு நாள் ஓடவிட்டு விவரம் எழுதுகிறேன்.